நித்தியானந்தன் பேசுகிறேன்

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவுக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் செப்பு விலையைப் பற்றித்தான் பேசத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இறந்துபோன நித்தியானந்தன் அங்கிளிடம் அவர்கள் எப்போதும் கேட்டது அதைத்தான். ஒஸ்ரேலியாவுக்கு வருவதற்கு முன் அவர் ரொறொன்ரோவில் எஞ்சினியராக இருந்தவர். கனடாப் பங்குகளில் எதை வாங்கலாம், எதை எப்போது விற்கலாம் என்று கேட்க, ஞாயிற்றுக்கிழமைகளில் கிளேற்றனில் இருந்த அந்த வீட்டுக்கு மெல்பேண் தமிழர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். நான் அங்கே பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"கேக்கிறதுக்கு இருந்த ஒரு ஆளும் போட்டுது. இனி ஆரிட்டப் போறது?" என்றார் இந்திரகுமார் அங்கிள். அவர் அரசாங்கக் கந்தோரில் கணக்காளர். இறந்தவரோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"போன மாசம் சார் எங்கிட்ட 'அந்தச் செப்புப் பங்க வெச்சிருங்க'ன்னு சொன்னார். எதுவரைக்கும் வெச்சிருக்கணும்னு சொல்லலையே" என்றார் நரசிம்மன். சென்னைக்காரர்.

"அந்தா, நித்தியின்ர படத்துக்கு முன்னால போய் நிண்டு கேளுமன்."

"கிண்டல் பண்ணாதீங்க சார். என்னைவிட உங்ககிட்டதான் அதிகம் இருக்கு. உங்களுக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது."

யாரோ சிரித்தார்கள். குசினி வாசலில் நாகேஸ்வரி அன்ரி வந்து நின்றதும் சிரிப்பு நின்றது.

"இவர்ட பங்கை நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார் அன்ரி.

எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள். வையுங்கோ, வில்லுங்கோ, பாதியை வில்லுங்கோ, தங்கத்தில் போடுங்கோ. அன்ரி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்ரிக்கு வேலையும் இல்லை. அங்கிளின் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பங்கு நல்ல விலைக்குப் போனால் வீடு அன்ரிக்கு, போகாவிட்டால் வங்கிக்கு. இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் இந்திரகுமார் அங்கிள் விளக்கினார். ஒன்ராறியோவின் வடக்கே இருக்கும் அந்தச் செப்புச் சுரங்கத்தை ஒரு பெரிய கொம்பனி வாங்கப்போவதாகக் கதை. அதனால்தான் விலை ஏறி நிற்கிறது. "ஆனா வாங்கமாட்டினம் எண்டுதான் எனக்குப் படுது. வாற வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுவினம். அதுக்கு முதல் வித்திட வேணும் நாகேஸ்."

"அப்ப வில்லுங்கோ."

"நான் எப்பிடி விக்கிறது? பங்கு அவன்ர பேரில. ஆள் செத்திட்டுது எண்டு சொன்னா, கோட்டுக் கடுதாசி அது இதெண்டு மாசக்கணக்கில இழுக்கும்." அவர் என் பக்கம் திரும்பினார். "அங்கயிருக்கிற தரகன் மக்ரே ரெலிபோனில சொன்னாலே செய்வான். நித்தியின்ர குரல் கேட்டாக் காணும். என்ர குரல் அவனுக்குத் தெரியும், நானும் அவனிட்டத்தான் வாங்கிறனான். சிறி, நீர் பேசும்."

பிடிபட்டால் மறியலில் போடுவார்களா, கொழும்புக்குத் திருப்பி அனுப்புவார்களா? அங்கே என் சம்பளத்தை நம்பி அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் இருக்கிறார்கள். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மெல்பேணில் இறங்கிய முதல் மாதம் எனக்கு வேலை கிடைக்காமல் இருந்தபோது, வாடகையைப் பற்றி ஒரு சொல் பேசாமல் சோறு போட்டவர் அங்கிள். வாயை மூடிக்கொண்டேன்.

அன்ரி ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "தம்பிக்கு ஒண்டும் வராதோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்டும் வராது. நான் பொறுப்பு" என்றார் இந்திரகுமார் அங்கிள்.

வியாழக்கிழமை ரொறொன்ரோவில் சந்தை மூடுவதற்கு முன், அதாவது மெல்பேணில் வெள்ளி விடியற்காலை, நாங்கள் மூவரும் ஹோலில் இருந்தோம். ஆனி மாதக் குளிர். அன்ரி தலையோடு சால்வையைச் சுற்றிக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார். ஒப்பரேற்றர் பெண் இணைப்பைக் கொடுத்துவிட்டு, "பேசுங்கள்" என்றாள்.

"நித்தியானந்தன் பேசுகிறேன்" என்றேன் ஆங்கிலத்தில்.

அன்ரியின் தலை நிமிர்ந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"நித்தியா? இது என்ன குரல்? கிணற்றுக்குள் விழுந்துவிட்டாயா?" மக்ரே பெரிய குரல்காரர். ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கினாலும் கேட்டது.

"தடிமன், மூக்கடைப்பு" என்று இருமினேன். இருமல் உண்மையாகவே வந்தது.

"அங்கே குளிர்காலம் இல்லையா, மறந்துவிட்டேன். சொல்லு, என்ன செய்யவேண்டும்?"

இந்திரகுமார் அங்கிள் எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். எல்லாவற்றையும் விற்கச் சொன்னேன். மக்ரே அதைத் திருப்பிச் சொன்னார். நல்ல முடிவு, தானே எழுத இருந்ததாகச் சொன்னார். "இப்போதே ஆளை அனுப்புகிறேன். முடிந்ததென்று வைத்துக்கொள்."

நான் தலையை ஆட்டினேன். இந்திரகுமார் அங்கிள் இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்தார். அவ்வளவுதான், அப்போதே ரிசீவரை வைத்திருக்கலாம். என் விரல் அதற்காகவே அசைந்தது.

"நாகேஸ் பக்கத்தில் இருக்கிறாளா? அவளிடம் கொடு. இங்கே இருந்தபோது எத்தனை தரம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன்."

என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்திரகுமார் அங்கிள், கொடு கொடு என்று கையைக் காட்டினார். அன்ரியைப் பார்த்து, ஒரு சொல்லுப் போதும் என்பதுபோல் விரலை உயர்த்தினார். அன்ரி ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஹலோ மிஸ்ரர் மக்ரே."

"நாகேஸ், கவனமாகக் கேள். அவன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் தானாக டொக்ரரிடம் போகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். இங்கே இருந்தபோது நெஞ்சு நோவை ஒரு மாதம் ஒளித்தவன். நீதான் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். இன்றைக்கே. என்ன, கூட்டிக்கொண்டு போவாயா?"

அன்ரியின் வாய் திறந்தது, மூடியது.

"நாகேஸ்? போவாய்தானே?"

"ஓம் எண்டு சொல்லும்" என்று இந்திரகுமார் அங்கிள் உதட்டை அசைத்தார்.

"நித்தியானந்தன் செத்துப்போனார், மிஸ்ரர் மக்ரே" என்றார் அன்ரி ஆங்கிலத்தில். "இரண்டு கிழமை ஆகிறது. நெஞ்சுதான். எனக்குச் சொல்லவில்லை. நான் கூட்டிக்கொண்டு போகவில்லை."

'இவர்' என்றும் 'எங்கட வீட்டுக்காரர்' என்றும் மட்டுமே சொல்லிவந்தவர் அன்ரி. அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததை நான் அன்றுதான் கேட்டேன். இந்திரகுமார் அங்கிளும் அன்றுதான் கேட்டிருப்பார். உயர்த்திய விரல் அப்படியே நின்றது.

நான் ரிசீவருக்குக் கிட்டக் குனிந்தேன். மக்ரே பேசினார். குரல் சிறுத்துப்போயிருந்தது. முதலில் அங்கிளைப் பற்றி ஏதோ சொன்னார். அதன்பின், "இதை நான் இனி விற்க முடியாது நாகேஸ். விளங்குகிறதா?" என்றார்.

"விளங்குகிறது" என்றார் அன்ரி. பேசியது யார் என்று மக்ரே கேட்கவில்லை. அன்ரியும் சொல்லவில்லை.

ரிசீவரை வைத்ததும் இந்திரகுமார் அங்கிள் வெடித்தார்.

"ஒரு ஓம்! ஒரே ஒரு ஓம் நாகேஸ்! எல்லாம் முடிஞ்சிருந்தது. இனி இந்த வீடு உம்மட கையில நிக்காது, தெரியுமோ? எங்க போய் இருப்பீர்?"

"தெரியும் அண்ணை."

"தெரிஞ்சுகொண்டே?"

"ஓம் எண்டு சொல்லத்தான் வாயைத் துறந்தனான்." அன்ரி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "சொன்னா அவர் இருக்கிறார் எண்டு வந்திடும் அண்ணை. டொக்ரரிட்டக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டு, நான் அறைக்கை போய் ஆரை எழுப்புறது?"

இந்திரகுமார் அங்கிள் கதிரையில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். செத்த வீட்டில்கூட அவர் அழுததை நான் காணவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே அந்தப் பெரிய கொம்பனி, வாங்கவில்லை என்று அறிவித்தது. செப்பு விலையும் விழுந்தது. இந்திரகுமார் அங்கிளும் நரசிம்மனும் அதற்கு முன்பே தங்களுடையதை விற்றிருந்தார்கள். வீட்டுக் கடனில் கொஞ்சம் கட்டுகிறோம் என்று வந்தார்கள், அன்ரி வாங்கவில்லை. பங்கை அன்ரியின் பேருக்கு மாற்றும் கோட்டுக் கடுதாசி வந்து சேர்ந்தபோது சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டு வாசலில் ஏலம் நடந்தது. ஏலக்காரன் படியில் நின்று கத்தினான். அயலவர்கள் கைகட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். அன்ரியும் அவர்களுக்குள் ஒருவராக, யாரோ ஒருவருடைய வீடு விலைப்படுவதைப் பார்ப்பதுபோல் நின்றார். அவருக்கு டண்டினோங்கில் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலையும், அங்கேயே படுக்க ஒரு அறையும் கிடைத்திருந்தது.

வீட்டை ஒரு கிரேக்கச் சோடி வாங்கியது. அந்தப் பெண் நிறைமாதம். உள்ளே வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். அங்கிளும் அன்ரியும் படுத்த அறையின் சுவரைத் தட்டிப் பார்த்து, இதை இடித்துப் பெரிதாக்கலாம் என்று புருஷனிடம் சொன்னாள். பிறகு அன்ரி நிற்பதைக் கண்டு வெட்கப்பட்டாள்.

"இடியுங்கோ பிள்ளை" என்று அன்ரி தமிழிலேயே சொன்னார். அவளுக்கு விளங்கியதுபோல் தலையாட்டினாள். அன்ரி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். நான் யன்னலுக்கு வெளியே பெட்டிகளோடு நின்றேன். ராக்ஸிக்காரன் ஹோர்ன் அடித்தான். இன்னொரு தடவையும் அடித்தான். அன்ரி கையை எடுக்கவில்லை.