உதிராத முடி

அனுசுயாவுக்குப் புற்றுநோய் வந்ததை ஊர் மன்னித்துவிட்டது. முடி கொட்டாததைத்தான் மன்னிக்கவில்லை.

செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடும் ஊர் அது. ஐம்பதைத் தாண்டிய பிறகும் அனுசுயாவுக்கு இடுப்பைத் தொடும் சடை. ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டுக்கு வந்த புதிதில் ஆளாளுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் போயிற்று, இன்னொரு மாதமும் போயிற்று. அவளோ பழையபடி தலைக்கு எண்ணெய் வைத்து, சடை பின்னி, வெங்காயத்தை அடைத்து வைக்கும் பட்டறையின் முன்னால் உட்கார்ந்து காய் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். அங்கேதான் ஊருக்கு உறுத்தியது. எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாளுக்கு மனதில் ஒன்று, வாயில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாது. நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏன் அனுசு, முடி எப்பக் கொட்டும்?"

"கொட்டாதுக்கா. எனக்கு டிரிப்பெல்லாம் கெடையாது. மாத்திரைதான்."

"மாத்திரையா? தலவலிக்குக் குடுக்கிற மாதிரியா?"

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அவளுக்கு வந்தது கேன்சரே இல்லை, ஏதோ கொழுப்புக் கட்டியை எடுத்துவிட்டு ஊரை ஏமாற்றுகிறாள் என்றது ஒரு கட்சி. கேன்சர்தான், ஆனால் டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள், ஆறுதலுக்கு மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்குத் தலைவி அவளுடைய நாத்தனார் தேவயானி. இரண்டாவது கட்சியில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டவன் அவள் புருஷன் மணிவேல்.

நடந்தது என்னவோ இவ்வளவுதான். திருச்சி ஆஸ்பத்திரியில் மார்பிலிருந்த கட்டியை எடுத்த பிறகு, டாக்டர் ஜெயலட்சுமி அதில் ஒரு துண்டை மெழுகில் பதித்துப் பெங்களூருக்கு அனுப்பினார். அங்கே நடந்துகொண்டிருந்த ஓர் ஆராய்ச்சியில் அனுசுயாவையும் சேர்த்துக்கொண்டதால் பரிசோதனை இலவசம். முடிவு வந்த அன்று புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். முன்பெல்லாம் கட்டியின் அளவையும் மைக்ராஸ்கோப்பில் தெரிகிற உருவத்தையும் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று முக்கால்வாசிப் பேருக்குக் கீமோ மருந்தை டிரிப்பாக ஏற்றிவிடுவார்களாம். ஆனால் மார்புப் புற்று என்பது ஒரே பெயரில் உலவும் பல நோய்கள். பார்வைக்கு ஒன்று போலிருக்கும் இரண்டு கட்டிகளுக்குள் வேறு வேறு ஜீன்கள் வேலை செய்துகொண்டிருக்கும். எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று அளந்து, இதே போன்ற கட்டி வந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு என்ன ஆயிற்று என்பதோடு ஒப்பிட்டால், இது எந்த ரகம், எதற்குக் கட்டுப்படும் என்று பிரித்துவிடலாம்.

"உங்க கட்டியில பரவச் சொல்ற ஜீனெல்லாம் அடங்கிக் கெடக்கும்மா" என்றார் டாக்டர். "டிரிப் ஏத்துனா உங்களுக்கு லாபம்னு ஒண்ணும் கெடையாது. கஷ்டம் மட்டும்தான். அஞ்சு வருஷம் தினம் ஒரு மாத்திரை. அத விடாமப் போட்டுக்குங்க, போதும்."

அனுசுயாவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. பறித்துக் குவித்த வெங்காயம் எல்லாம் ஒரே நிறம்தான். கழுத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால்தான் இது பட்டறையில் தாங்கும், இது உள்ளே அழுக ஆரம்பித்துவிட்டது என்று தெரியும். பஸ்ஸுக்கு நிற்கும்போது மணிவேலிடம் அதைச் சொன்னாள். அவன் தலையாட்டினான். ஆனால் அவன் மனதில் தங்கியதெல்லாம் ஆராய்ச்சி, இலவசம், மாத்திரை என்ற வார்த்தைகள்தான்.

தேவயானியின் கோபத்துக்கு வேர் வேறு. அவளுடைய ஒரே மகள் பூவிழி, கைக்குழந்தைக்காரி, இதே மார்புப் புற்றில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட முடியவில்லை. டிரிப் மேல் டிரிப்பாக ஏற்றினார்கள். புருவத்தில்கூட முடி மிஞ்சவில்லை. வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் விழுங்குவதற்கே அழுதாள். அவளைத் தூக்கிக் குளிக்கவைத்த கைகளில் அனுசுயாவின் கையும் ஒன்று. மகளின் மொட்டைத் தலையை மடியில் வைத்திருந்த தேவயானிக்கு, தம்பி பெண்டாட்டியின் சடை தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

சொந்தத்தில் ஒரு காதுகுத்து விசேஷத்தில்தான் அது வெடித்தது. அனுசுயா சடையில் நாலு முழம் மல்லிகையோடு போயிருந்தாள். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் தேவயானி குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"பூவெல்லாம் வச்சு ஜோரா வந்திருக்க. வந்த நோவு எங்க போச்சாம்?"

"அண்ணி, என் கட்டி வேற ரகம்னு டெஸ்ட்டுல..."

"அந்த டெஸ்ட்ட எம்பொண்ணுக்கு ஏன் எடுக்கல? எடுத்திருந்தா அவளுக்கும் மாத்திரை போதும்னு வந்திருக்குமோ என்னமோ. அப்ப, சும்மா கெடந்த புள்ளைக்கு வெசத்த ஏத்திக் கொன்னுட்டாங்களா? சொல்லு அனுசு. நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே."

 பூவிழிக்கு எந்த ரகம் என்று அனுசுயாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த இடத்தில் அதைச் சொல்ல நாக்கு எழும்பியிருக்காது. சாப்பிடாமல் எழுந்து, கை கழுவும் இடத்துக்குப் போய், பூவை உருவிக் குழாயடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மணிவேல் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போவதுதான் பிழைப்பு. லோடு இறங்கும்வரை டீக்கடையில் உட்கார்ந்து டிரைவர்கள் உலக விஷயமெல்லாம் பேசித் தீர்ப்பார்கள். அங்கே வைரக்கண்ணு என்ற சக டிரைவர் அவனைப் பிடித்துக்கொண்டான். ஆராய்ச்சி என்றால் என்ன நினைத்தாய், உன் பெண்டாட்டியை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள், பாதிப் பேருக்கு மருந்து கொடுத்து மீதிப் பேரைச் சும்மா விட்டு யார் சாகிறார்கள் என்று எழுதிக்கொள்வார்கள் என்றான். அரியலூரில் ஒரு நர்சிங் ஹோமுக்கு வெளியூரிலிருந்து கேன்சர் டாக்டர் வருவதையும் அவன்தான் சொன்னான்.

மணிவேல் கொண்டுபோய்க் காட்டியதும், அந்த டாக்டர் பெங்களூர் முடிவை நின்ற வாக்கிலேயே புரட்டினார். இதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்களை வைத்துப் போட்ட கணக்கு, நம்மூர் உடம்புக்கு அப்படியே பொருந்தும் என்று யார் சொன்னது, நாலு டிரிப் போட்டுவிட்டால் மனதுக்கு நிம்மதி என்றார். துபாயில் வேலை பார்க்கும் மகன் கலைச்செல்வன் போனில் அம்மாவிடம், திருச்சி டாக்டர் சொன்னதையே கேள் என்றான். அப்பாவிடம் போன் போனதும், எதுக்கும் ரெண்டையும் பண்ணிடுங்கப்பா என்றான்.

அனுசுயா முடியாது என்று நின்றாள். பூவிழியைக் குளிக்கவைத்த கைக்கு அந்த மருந்து என்ன செய்யும் என்று தெரியும். தேவையென்றால் தாங்கிக்கொள்ளலாம், தேவையில்லாததை எதற்கு வாங்கி ஏற்ற வேண்டும் என்று கேட்டாள். மணிவேல் சண்டை போடவில்லை. வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினான். ஒருநாள் காலையில் லாரிப் படியில் உட்கார்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, இலவச டெஸ்ட்ட நம்பிப் பொண்டாட்டியக் கொன்னவன்னு எம் மூஞ்சியில துப்புவாங்க அனுசு."

அதில் அவளுக்காக எவ்வளவு, அவன் முகத்துக்காக எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. சரி என்றாள்.

இரண்டாவது டிரிப்புக்கு முன்பே சடை சீப்போடு வந்துவிட்டது. வாய் புண்ணாயிற்று. சோற்று வாசனை குமட்டியது. ஊருக்கு நிம்மதி. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் மறுபடி வர ஆரம்பித்தன. இரண்டு கட்சிகளும் கலைந்து ஒன்றாகிப் படி ஏறி வந்து, அவள் தலையைப் பார்த்து உச்சுக்கொட்டின. மணிவேல் வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து, நல்ல மருந்தாகப் போடச் சொல்லிவிட்டேன் என்று நிமிர்ந்து சொன்னான்.

தேவயானியும் வந்தாள். வந்தவள் போகவே இல்லை. வெந்நீர் வைத்துக் குளிக்கவைத்தாள். கஞ்சியை ஆற்றிக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். வாந்தியைக் கையில் பிடித்தாள். பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். ஒருநாள் ஈரத்துண்டால் அந்த மொட்டைத் தலையைத் துடைத்துவிட்டபடி சொன்னாள்.

"இப்பத்தாண்டி நீ எம் பூவிழி மாதிரியே இருக்க."

பாசத்தோடுதான் சொன்னாள். அனுசுயா கண்ணை மூடிக்கொண்டாள். துடைத்து முடியட்டும் என்று காத்திருந்தாள்.

இதற்கு நடுவில் கொளஞ்சியம்மாளுக்கும் மார்பில் கட்டி வந்தது. தடவிப் பார்க்கும் புத்தி வந்ததே அனுசுயாவைப் பார்த்துத்தான். அதே திருச்சி ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே பெங்களூர். அவளுக்கும் மாத்திரை போதும் என்றுதான் முடிவு வந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

நாலு டிரிப்பும் முடிந்தன. ஆனால் அனுசுயாவின் விரல் நுனிகள் மரத்தது மரத்தபடியே இருந்தன. ரவிக்கைக் கொக்கி மாட்டக்கூட அடுத்தவர் கை வேண்டும். திருச்சி டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாம் என்று தேவயானிதான் கூட்டிப்போனாள். தோளில் பூவிழியின் பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வைத்த பை.

டாக்டர் ஜெயலட்சுமி அனுசுயாவின் தலையைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"யாரும்மா போடச் சொன்னது?"

 நாங்கதாங்க பாத்துப் பண்ணுனோம் என்றாள் தேவயானி. விரல் மரப்பு மெல்லச் சரியாகலாம், சிலருக்குச் சரியாகாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லி முடித்ததும், தேவயானி பையிலிருந்த காகிதங்களை எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டு வருஷமாக உள்ளே கிடந்த கேள்வியைக் கேட்டாள். டாக்டர் ஒவ்வொரு தாளாக, நிதானமாகப் படித்தார்.

"உங்க பொண்ணோடது வேற ரகம்மா. இவங்க போடுற மாத்திரை அந்த ரகத்துக்கு வேலை செய்யாது. இந்த டெஸ்ட்டும் அதுக்குக் கெடையாது. டிரிப்தான் இருந்த ஒரே வழி, அதத்தான் போட்டிருக்காங்க. அந்தப் பொண்ணுக்குப் போட்டது தப்பில்ல. இவங்களுக்குப் போட்டதுதான் வீண்."

திட்டுவதற்கு இதுவரை தேவயானிக்கு யாரோ ஒரு டாக்டர் இருந்தார். இப்போது அதுவும் இல்லை. பஸ்ஸில் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடாலூர் வந்தது, தாண்டியது. தெரியாமல் செய்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை வரும் என்று அனுசுயா பக்கத்து சீட்டில் எதிர்பார்த்திருந்தாள். ஊர் வந்தது. வார்த்தை வரவில்லை.

கொளஞ்சியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். டாக்டர் என்ன சொன்னாங்க என்று கேட்டாள்.

தேவயானி அனுசுயாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "டிரிப் ஏத்துனதாலதான் இவ பொழச்சான்னாங்க. நீயும் மாத்திரையோட நின்னுடாத கொளஞ்சி."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

 அனுசுயா கொளஞ்சியம்மாளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். பிடித்த பிடி தன் விரலுக்கே தெரியவில்லை.

"அண்ணி சொன்னது பொய்க்கா. எனக்குப் போட்டது வீண்னு டாக்டரே வாயால சொன்னாங்க. நீ மாத்திரைய மட்டும் போடு. வேற எதுக்கும் போவாத."

கொளஞ்சியம்மாள் அவளுடைய மொட்டைத் தலையைப் பார்த்தாள். புருவமில்லாத முகத்தைப் பார்த்தாள். மெல்லக் கையை உருவிக்கொண்டாள்.

"நீ எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் பொழச்சுக்குவ. நான் மட்டும் மாத்திரையப் போட்டுக்கிட்டுச் சாவணுமா? உனக்கு முடி போச்சுங்கிற வயித்தெரிச்சல எங்கிட்டக் காட்டாத அனுசு."

 அவள் போனபின் அனுசுயா பட்டறையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். குவியலிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக் கழுத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கையில் ஈரம் வழிவதைக் கண்ணால் பார்த்துத்தான் அது அழுகல் என்று தெரிந்துகொண்டாள்.

எதிர்வீட்டில் கொளஞ்சியம்மாள் தன் மகனிடம், அரியலூருக்கு வண்டி எப்ப எடுக்கலாம் என்று கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது.