கதவைச் சாத்திய விலைவாசி

பஞ்சாலைத் தீயைப் பற்றிப் பேராசிரியர் எழுதிய புத்தகத்தில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. விலைவாசி, வேலைநிறுத்தம், கூட்டத்தின் ஆத்திரம் என்று பக்கம் பக்கமாக விளாசியிருந்தார். கிடங்குக் கதவை வெளியிலிருந்து தாழிட்டது யார் என்பது மட்டும் அதில் இல்லை. தெரியாமல் ஒன்றுமில்லை. அவருடைய மச்சான்தான், மனைவியின் அண்ணன். நேரில் பார்த்தவர்களே அவரிடம் வந்து சொல்லியிருந்தார்கள். பெண் கொடுத்த வீட்டைக் காட்டிக்கொடுக்க மனுஷனுக்கு மனசு வரவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்குப் பரந்த பார்வை என்று பெயர் வைத்துக்கொண்டார்.

அந்தக் கிடங்கில் வெந்து செத்தவர்களில் ஒருவனுடைய மனைவி, வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவள், ஒரு மதியம் கல்லூரியில் அவர் அறைக்குள் நுழைந்தாள். கையில் இரும்புக் கம்பி.

"கதவை யாரு சார் சாத்துனது? சொல்லுங்க, போயிடறேன்."

"உக்காரும்மா. வரலாறுங்கிறது தனி ஆளைத் தேடுறது இல்ல. அன்னைக்கு இருந்த விலைவாசி, நிலைமை அப்படி..."

கம்பி அவருடைய வலது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

"என் புருஷன் விரல்ல நகமே இல்ல சார். கதவைப் பிராண்டிப் பிராண்டியே போயிடுச்சு. நிலைமையையா பிராண்டுனான்?"

அடுத்த அடி தோளில். நாற்காலியோடு சரிந்து விழுந்தார். வலியில் அலறினாரே தவிர மச்சான் பெயர் வாயில் வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆள் கல்லுளிமங்கன்.

அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக வெளியே காரில் காத்திருந்த மச்சான் அலறல் கேட்டு ஓடிவந்தான். அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து, முகத்தை மேஜை விளிம்பில் ஓங்கி மோதினான். மறுபடியும் மோதினான். முன்பற்கள் தெறித்துத் தரையில் விழுந்தன. அவள் கம்பியைக் கீழே போட்ட பிறகும் வயிற்றில் எட்டி உதைத்தான். எல்லாவற்றையும் பேராசிரியர் தரையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்தபோது வாசலில் ஒரே கூட்டம்.

"உங்களை அடிச்சது யாரு சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவதான்! இவளேதான்!" இடது கையை நீட்டிக் காட்டினார்.

"சரி, இந்தம்மா பல்லை உடைச்சது?"

மச்சான் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். பேராசிரியர் அவனிடமிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"அது... சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்தாங்க. ஒரே தள்ளுமுள்ளு. ஆத்திரம். யாருன்னு எப்படிச் சொல்றது?"

அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"எழுதிக்கங்க சார். என்னையும் விலைவாசிதான் அடிச்சுது."