மச்சாள் பக்கம் தலையைத் திருப்புதல்

1

நான் எழுதப் போனது இந்தக் கதையை அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாத இதழ் என்னிடம் கேட்டது கட்டுரை. தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: 'மாணவர்களுக்கு ஜப்பானின் மரபுக் கலைகள்.' மொன்றியலில் பெரியவர்கள் பிரெஞ்சு படிக்கும் பள்ளியொன்றில் ஜப்பானியக் கலைநாள் நடக்கிறது, போய்ப் பார்த்து நாலு பக்கம் எழுதுங்கள் என்றார்கள். நான் கெட்டிக்காரன். போவதற்கு முன்பே தொடக்கத்தை எழுதி வைத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "ஜப்பானியக் கலையின் உயிர் மௌனத்தில் இருக்கிறது. தேநீர்க் கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தும் மனிதன், தன்னுள்ளே—"

(தன்னுள்ளே என்ன? எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதன் இன்னும் கிண்ணத்தோடு நிற்கிறான். பாவம், போகட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: "ஒரு சதுரக் காகிதம் கொக்காக மாறும் கணத்தில்—"

(கொக்கு வேண்டாம். எல்லாரும் பறக்கவிட்டு முடித்துவிட்டார்கள்.)

நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மௌனமும் இல்லை, கொக்கும் இல்லை. மேடையில் ஒரு தமிழ்ப் பெண் பிரெஞ்சு மொழியில் தன் மச்சாளோடு, அதாவது கணவனின் அக்காவோடு, வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். மச்சாள் மேடையில் இல்லை. இரண்டு பேரின் பேச்சையும் அவளே பேசினாள். மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் கட்டுரை அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று.

பிறகு அவளையும் அவள் கணவனையும் அந்த மச்சாளையும் தேடிப் போய்க் கேட்டு எழுதுவது இது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றக் கூடாது என்று மச்சாள் கண்டிப்பாகச் சொன்னதையும் மீறி.

2

மேடையில் நான் கண்ட அஞ்சலீனா மன்னாரில் பேசாலைக்காரி. மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில் வீடு. டோர்வலில் விமானச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தாள். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்கியதும், இனிக் குளிர் அறை போதும், ஒரு கார்டரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப்பிள்ளைகளோடு வேலை செய்யலாம் என்று நினைத்தாள். அதற்குப் பிரெஞ்சு வேண்டும். வாசிக்க வந்தது, எழுதவும் வந்தது. பேசத்தான் வாய் திறக்கவில்லை. வகுப்பில் ஆசிரியை கேள்வி கேட்டால் அஞ்சலீனா அழகாகச் சிரிப்பாள். அதோடு சரி.

வாய் திறக்காதவர்களின் வாயைத் திறக்கப் பள்ளிக்கூடம் கூட்டி வந்த ஆள்தான் ஹருமி. ஜப்பானில் பிறந்தவள், அஞ்சலீனாவைவிட இளையவள், கியூபெக் பிரெஞ்சில் கோபப்படக்கூடப் பழகிவிட்டவள். அவள் கொண்டுவந்த கலையின் பெயர் ரக்குகோ. அதைச் சொல்லப் பெரிய கட்டுரை தேவையில்லை. ஒருவர் மெத்தையில் முழந்தாள் மடித்து உட்கார்ந்து, கடைசிவரை எழும்பாமல் கதை சொல்லுவார். கையில் ஒரு விசிறி, ஒரு சின்னத் துண்டு. கதையில் எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பேரும் அவர்தான். தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் ஒரு ஆள், இடப்பக்கம் திருப்பினால் மற்ற ஆள். கடைசியாகச் சிரிப்பு வரும் ஒரு வசனம். அதற்கு ஜப்பானியர் வைத்த பெயருக்கு 'விழுகிறது' என்று பொருள். அது விழுந்ததும் கும்பிட்டுவிட்டுப் போய்விட வேண்டும்.

"உங்கட வாழ்க்கையில நடந்த ஒரு கதை எடுங்கோ. இரண்டு பேர் போதும்," என்றாள் ஹருமி. "ஆனா இரண்டு பேரும் இருக்கவேணும்."*

* அவர்கள் வகுப்பில் பேசியது பிரெஞ்சு. எனக்கு ஜப்பானியரையும் யாழ்ப்பாணத் தமிழில் பேச வைக்கத்தான் வரும். வாசகர் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலீனாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவளிடம் ஒரு கதைதான் இருந்தது. அது அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

3

றொசானா, அஞ்சலீனாவின் கணவன் றெக்ஸின் அக்கா. பக்கத்து ஊரான புரோசார்ட்டில் இருக்கிறார். நான் முதலில் அவரை இப்படி எழுதினேன்: "றொசானாவின் நாக்கில் நஞ்சு—"

(அழித்துவிட்டேன். பார்க்கப் போனபோது எனக்குக் கட்லட் பொரித்துத் தந்தார். கட்லட் சாப்பிட்ட பிறகு அப்படி எழுத முடியாது.)

போன வருசத்துக்கு முந்தின வருசம் மாசி மாதம் றொசானாவுக்கு ஐம்பது வயது. அஞ்சலீனா தன் வீட்டில் அவருக்குத் தெரியாமல் ஒளித்து ஒரு கொண்டாட்டம் வைத்தாள். சொந்தபந்தம் முழுவதும் வந்தது, தேவாலயத்துப் பங்குச் சாமியாரும் வந்தார். வீட்டு விளக்கெல்லாவற்றையும் அணைத்துவிட்டு அஞ்சலீனா போன் எடுத்தாள்.

"மச்சாள், கணவாய்க் கறி வைச்சிருக்கிறன். சூட்டோட வந்து வாங்கிக்கொண்டு போங்கோ. உடுப்பு மாத்தி மினக்கெடாதேங்கோ."

றொசானா அப்போதுதான் தலைக்குச் சாயம் பூசியிருந்தார். கணவாய் என்றால் அவரால் பொறுக்க முடியாது. தலையைச் சுப்பர்மார்க்கெட் பையால் சுற்றிக் கட்டிக்கொண்டு, வீட்டுச் சட்டையோடு, புருசனுடைய பனிச் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு காரை எடுத்தார். இருட்டு வீட்டுக் கதவைத் தள்ளினார். வெளிச்சம் பாய்ந்தது.

"சர்ப்பிரைஸ்!"

முன்வரிசையில் சாமியார், கையில் பலூனோடு.

தலை கழுவ ஒருவரும் விடவில்லை. கேக் வெட்டு, படம் எடு என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். கேக் வெட்டி முடியுமுன் வீடியோ பாரிசுக்கும் ரொறொன்ரோவுக்கும் மன்னாருக்கும் போய்ச் சேர்ந்தது. வழிந்த சாயம் நெற்றியில் கறுப்புக் கோடாகக் காய்ந்து, தேய்த்தும் போகாமல் நாட்கணக்காகக் கிடந்தது.

"வேணுமெண்டு செய்தவள்," என்றார் றொசானா தம்பியிடம்.

"அன்பிலதானே செய்தனான்," என்றாள் அஞ்சலீனா கணவனிடம்.

றெக்ஸுக்கு இரண்டு காது இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பிறகு பேச்சில்லை. இரண்டு நத்தார் (கிறிஸ்துமஸ்தான்) தனித்தனியாகப் போனது. ஞாயிறு பூசை முடிந்து றெக்ஸ் தனியாக அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுப் பெட்டியோடு வருவான். அஞ்சலீனா அதைக் கழுவி, ஒன்றும் வைக்காமல் வெறும் பெட்டியாகத் திருப்பி அனுப்புவாள்.

4

வகுப்பில் அஞ்சலீனா அந்தக் கதையைச் சொன்னாள். வலப்பக்கம் திரும்பினால் தேன் ஒழுகும் குரலில் போன் எடுக்கும் அஞ்சலீனா, விசிறிதான் போன். இடப்பக்கம் திரும்பினால் மூக்கால் கத்தும் மச்சாள். வாய் திறக்காத அஞ்சலீனா பிரெஞ்சில் பொரிந்து தள்ளுவதைக் கண்டு வகுப்பு மேசையில் அடித்துச் சிரித்தது. ஹருமி சிரிக்கவில்லை.

"உங்கட வலப்பக்கத்தில ஒரு மனுசி இருக்கிறா," என்றாள். "இடப்பக்கத்தில ஒரு பொம்மைதான் இருக்குது."

"அவா அப்பிடித்தான்."

"கதவு திறந்து வெளிச்சம் வந்தவுடன அவா முதல் ஆரைப் பாத்தவா?"

அஞ்சலீனாவுக்குத் தெரியவில்லை. வீடியோவை மனப்பாடமாகும்வரை பார்த்தவள்தான். பார்த்தது பிளாஸ்டிக் பையை. கண்ணைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் மஞ்சள் பாதை மெட்ரோவில் இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பழகினாள். அங்கே இருந்த மனிதர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். வீட்டில் றெக்ஸ் சொன்னான், "அக்காவிட்டையே கேளன்."

"நானோ?"

"வேறை ஆர் கேக்கிறது? அந்த ஜப்பான் பிள்ளையோ?"

5

நான் எழுதியிருந்தால் அவளைக் கணவாய்க் கறியோடு அனுப்பியிருப்பேன். கதை வடிவாக முடிந்திருக்கும். அவள் போனது வெறுங்கையோடு. பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கிவிடவே யோசித்தாளாம்.

றொசானா கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

"மச்சாள், ஒரு கேள்வி. கேட்டிட்டுப் போயிடுவன். அண்டைக்கு லைற் போட்டவுடன முதல் ஆரைப் பாத்தனீங்கள்?"

றொசானா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"ஃபாதரை. பிறகு எங்கட சனம் முழுக்க. எல்லாரும் நிக்கினம். றெக்ஸை மட்டும் காணேல்லை."

றெக்ஸ் அப்போது குசினிக்குள் கேக்குக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றான்.

"வீடு இருட்டு. வெளியில அவ்வளவு கார். உள்ளுக்குச் சாமியார். என்ர தம்பி போயிட்டான் எண்டு நினைச்சனடி. பலூன் என்ர கண்ணுக்குத் தெரியேல்லை. நெஞ்சு அடைச்சுப்போய் நிக்கிறன், நீங்கள் எல்லாரும் கை தட்டுறியள்."

(இங்கே அஞ்சலீனாவின் மனநிலை பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. நல்ல பத்தி. அதை வாசித்துக் காட்டியபோது அவள், "நான் உதொண்டும் நினைக்கேல்லை அண்ணை, கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்," என்றாள். எடுத்துவிட்டேன்.)

"ஏன் மச்சாள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிக்கேக்க எப்பிடிச் சொல்லுறது? கையில கத்தியைத் தந்து கேக் வெட்டச் சொல்லுறியள்."

"எனக்குத் தெரியாது மச்சாள். சத்தியமாத் தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அஞ்சலீனா அழுதாள். றொசானாவும் மூக்கை உறிஞ்சினார். பிறகு சொன்னார்:

"மன்னிப்புக் கிடக்கட்டும். நான் வந்தது கணவாய்க்கு. அதையும் நீ வைக்கேல்லை!"

முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒற்றுமை இல்லை. வாசலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது.

உள்ளே போனதும் அஞ்சலீனாவின் கைப்பையிலிருந்து விசிறி வெளியே வந்தது. "என்னை எப்பிடிச் செய்யிறாய் எண்டு காட்டு பாப்பம்," என்றார் றொசானா. பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "பையை உப்பிடியே பிடிக்கிறது? சாயம் வழியுது, ஒரு கையால நெத்தியைத் துடைக்கவேணும். தள்ளு. நான் உன்னைச் செய்து காட்டுறன்." புருவத்தைத் தூக்கி, கழுத்தைச் சரித்து, சீனிப்பாகுக் குரலில், "மச்சாஆள், கணவாய்க் கறி வைச்சிருக்கிறன்," என்றார்.

மேல்மாடியிலிருந்து றொசானாவின் கணவர் குரல் கொடுத்தார்: "ஆர், அஞ்சலீனாவோ வந்திருக்கிறா?"

"நான் இப்பிடியே மச்சாள் கதைக்கிறனான்?" என்றாள் அஞ்சலீனா, உண்மையாகவே பயந்துபோய்.

6

இனிக் கலைநாள். நான் கட்டுரையைத் தொலைத்த நாள்.

அஞ்சலீனா வலப்பக்கம் திரும்பிக் கதவுக்குப் பின்னால் ஒளித்தாள். இடப்பக்கம் திரும்பிக் கதவைத் தள்ளினாள். வெளிச்சம். சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் அவள் கண்களைப் பார்த்தது. அந்தக் கண்கள் சாமியாரைக் கண்டன, சனத்தைக் கண்டன, ஒரு ஆளைத் தேடின, காணவில்லை. பையைப் பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது. மண்டபத்தில் சிரிப்பு நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு வலப்பக்கம்: "ஏன் மச்சாள் பேசாமல் நிக்கிறியள்? கேக்கை வெட்டுங்கோ!"

இடப்பக்கம், மெல்ல: "கேக் கிடக்கட்டும். கணவாய் எங்க?"

விழுந்தது. மண்டபமும் சிரித்து விழுந்தது. அஞ்சலீனா தலை தரையில் படக் கும்பிட்டாள்.

முடிவு ஒன்று, றெக்ஸ் விரும்பியது: மச்சாள்மார் மேடையில் கட்டிப்பிடிக்கிறார்கள், றெக்ஸ் படம் எடுக்கிறான். (அவன் எடுக்கத் தயாராகத்தான் நின்றான். அவர்கள் கட்டிப்பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு, அஞ்சலீனா விரும்பியது: கைதட்டலோடு நிறுத்துங்கோ அண்ணை, பிறகு நடந்ததை எழுதாதேங்கோ.

பிறகு நடந்தது இது. ரக்குகோவில் ஒருவர் சொல்லி முடித்ததும், அடுத்தவருக்காக யாராவது வந்து மெத்தையைப் புரட்டிப் போட வேண்டும். அதுதான் மரியாதை. அந்த வேலைக்கு வைத்த மாணவரைக் காணவில்லை. ஹருமி அவசரத்தில் முன்வரிசைக்குக் கைகாட்டினாள். முன்வரிசையில் இருந்தவர் றொசானா, மாம்பழ நிறச் சேலை, தலை படிய வாரி, ஒரு மயிர் பிசகாமல். அவர் எழுந்தார். படியேறினார். மெத்தையைத் தூக்கித் தட்டி, புரட்டி, நேராக வைத்தார்.

அடுத்துச் சொல்ல வேண்டிய கொலம்பியாக்காரர் விசிறியோடு ஓரத்தில் காத்து நின்றார். றொசானா இறங்கவில்லை. சேலையை ஒதுக்கி முழந்தாள் மடித்து, அந்த மெத்தையில் உட்கார்ந்தார். கொலம்பியாக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். அவரும் தன்னை அறியாமல் விசிறியைக் கொடுத்துவிட்டார்.

"மச்சாள்!" என்றாள் அஞ்சலீனா ஓரத்திலிருந்து, குரல் கேட்டும் கேளாமலும்.

"பொறடி," என்றார் றொசானா. "இனி என்ர முறை."

சபையைப் பார்த்துக் கும்பிட்டார். விசிறியை முன்னால் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

அதே கதையை அவர் தன் பக்கத்திலிருந்து சொன்னதை நான் முழுக்கக் கேட்டேன். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். அதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது. நாலு தரம் முயன்று நாலு தரமும் கிழித்தேன். ஆகவே இங்கே நிறுத்துகிறேன். றொசானா மெத்தையில் உட்கார்ந்திருக்கிறார், மண்டபம் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி வாயைத் திறக்கிறார். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.