ஒடித்த கை

பெரியப்பா க்ளெமென்ட் மார்ச்சில் இறந்தார். பெரியம்மா ஹெஸ்டர் அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் கடைசி வரை அவருக்குத் தவணை கொடுத்திருந்தாள்.

இங்கிலாந்தில் எங்கள் கென்ட் பக்கத்தில், கொட்டை காய்க்கும் ஹேசல் புதரைக் கோடையில் வெட்டுவதில்லை. ஆகஸ்டில், நீளமாக ஓடிய இளங்கிளைகளைக் கையால் பாதி ஒடித்து அப்படியே தொங்கவிடுவோம். வெட்டினால் புதர் வீம்புக்கு மறுபடி ஓடும். ஒடித்தால் அடங்கி, காய்க்கிற வேலையைப் பார்க்கும். எங்கள் ஆறு புதர்களையும் நாற்பது வருடம் பெரியப்பாதான் ஒடித்தார். ஒரு கிளைகூடக் கீழே விழுந்ததில்லை.

“இந்த மாசத்துக்குள்ள அவர் வந்து ஒடிக்கலேன்னா, நிஜமாவே போயிட்டார்னு அர்த்தம். வீட்ட வித்துட்டு என் தங்கச்சிகிட்டப் போயிடுவேன்” என்றாள் பெரியம்மா. அவள் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவளால் ஒடிக்க முடியாது.

அந்த வீட்டில்தான், கல்லூரிக்கு நடந்தே போகும் தூரத்தில், எனக்குச் சும்மா ஓர் அறை கிடைத்திருந்தது. ஆகவே கடைசி ஞாயிறு, அவள் தேவாலயத்திலிருந்தபோது, பெரியப்பாவின் ஆவியாக நானே பொறுப்பேற்றேன். ஐந்து புதர்கள் முடிந்தன. என் ஜன்னலோரம் நின்ற ஆறாவதைத் தொடுவதற்குள் கேட் சத்தம் கேட்டது.

பெரியம்மா புதர்களைச் சுற்றி வந்தாள். தரையில் விழுந்து கிடந்த கிளைகளைக் காலால் புரட்டினாள்.

“ரால்ஃப், செத்துப்போனா மனுஷனுக்குக் கை இவ்வளவு கெட்டுப் போகுமா?”

“பழக்கம் விட்டுப் போயிருக்கும் பெரியம்மா.”

“போடா கழுத. தலையில இலை ஒட்டிட்டிருக்கு, தட்டிட்டுப் பேசு.”

அன்று மாலையே அட்டைப்பெட்டிகள் வந்தன. பெரியப்பாவின் கோட்டை ஒற்றைக் கையால் மடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான்தான் மடித்து வைத்தேன்.

காலையில் என் அறை வழக்கத்தைவிட வெளிச்சமாக இருந்தது. ஆறாவது புதரின் கிளைகள் பாதி ஒடிந்து, இலை வாடாமல், வரிசையாகத் தொங்கின. தரையில் ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் நான் ஒடித்துப் போட்டவையெல்லாம் கட்டாகக் கட்டி, என் ஜன்னல் விளிம்பில் வைக்கப்பட்டிருந்தன.

பெரியம்மா ஒரு கிளையை இடது கையால் இழுத்துப் பார்த்தாள். அது கையோடு வரவில்லை.

“நான் இல்ல பெரியம்மா. சத்தியமா.”

“தெரியும்டா. இது ஒழுங்கா இருக்கே.”

அவள் பெட்டிகளைப் பிரித்தாள். கோட்டு மறுபடி கதவுக்குப் பின்னால் ஏறியது. நான் என் பையை எடுத்தேன்.

“எங்க கிளம்பிட்ட? பயமா?”

“இல்ல. விடுதியில இருந்தா படிப்பு ஓடும்.”

“சரி, போ. அடுத்த ஆகஸ்ட்ல வந்துடு. உனக்குன்னு ஒண்ணு விட்டு வச்சிருக்கார் பாரு.”

பார்த்தேன். பெரியப்பா நெட்டை, ஒடிந்தவை எல்லாம் அவர் தோள் உயரத்தில் இருந்தன. ஒரே ஒரு கிளை மட்டும் ஒடியாமல், சரியாக என் தோள் உயரத்தில், ஜன்னல் பக்கம் நீண்டிருந்தது.