புகை போன வழி

போர்ட் கிள்ளானில் கடலைப் பார்த்தபடி ஒட்டி நிற்கும் அந்தப் பழைய வீட்டு வரிசையில், புஷ்பவல்லி வீட்டுச் சுவர் மட்டும் வேர்த்துக்கொண்டிருந்தது. உப்பு பூத்து, சாயம் அப்பளமாகப் பொரிந்து, கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஆ லெங்குக்கும் அதே சுவர்தான். அந்தப் பக்கம் சுக்காகக் காய்ந்திருந்தது. அது எப்படி என்ற கேள்வி அவள் மண்டையைக் குடைந்தது.

கணவர் பாலனுக்கு இருமல் நெஞ்சோடு தங்கிவிட்டது. ஈர வீட்டில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகள் வாணி லோரியோடு வந்து, இருவரையும் தெலுக் பங்லிமா காராங்கிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. கல்யாணமாகி வந்த வீட்டை விட்டுப் போக புஷ்பவல்லிக்குத் துளியும் மனமில்லை. ஆனால் புருஷன் மூச்சுக்குத் திணறும்போது வீம்பு பிடிக்கவா முடியும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் சாம்பிராணி போட்டாள். இங்கே இதுதான் கடைசி வெள்ளி. தூபக்காலை முன்வாசலில், அஞ்சடி நடைபாதையை ஒட்டி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் புகையைக் கவனித்தாள். கடல்காற்று தள்ள, அது உள்ளே போய், அறைச் சுவரின் உச்சியிலிருந்த மரச்சல்லடைக்குள் நுழைந்தது.

அந்தச் சல்லடைகளில் ஒட்டடை அடித்தே அவள் இடுப்பு ஒடிந்திருக்கிறது. சுவர் உச்சியில் எந்த மடையன் ஓட்டை வைப்பான் என்று, கட்டியவனைத் திட்டாத தீபாவளி இல்லை. இப்போது வாயை மூடிக்கொண்டு புகைக்குப் பின்னாலேயே போனாள். இரண்டு பக்கமும் அண்டை வீடு, ஜன்னலுக்கு வழியில்லாத ரயில்பெட்டி மாதிரி வீடு. புகைக்கு மட்டும் வழி தெரிந்திருந்தது. ஒவ்வொரு சல்லடையாகத் தாண்டி, வெளிச்சத்துக்காகக் கூரையில்லாமல் விட்டிருந்த ஏர்வெல்லுக்கு வந்து மேலே ஏறியது. ஏறி, முட்டிக்கொண்டு நின்றது.

மேலே பாலன் அடித்த பிளாஸ்டிக் தகடு.

ஏர்வெல் ஓரத்தில்தான் சாமி மேடை. ஒருநாள் காற்றில் காமாட்சி விளக்கு அணைந்தது. அன்றே பாலனின் தம்பி விபத்தில் போனான். காரியம் முடிந்த கையோடு பாலன் தகடு அடித்துவிட்டார். அதன்பின் சுடர் அசையவேயில்லை. சுவர் வேர்க்கத் தொடங்கியதும் அதன்பின்தான். ஆ லெங் வீட்டு ஏர்வெல் இன்றும் திறந்தே கிடக்கிறது.

"என்னங்க, இங்க வாங்க. புகை எங்க நிக்குதுன்னு பாருங்க. வீடு மூச்சு விடுற எடத்தையே அடைச்சி வச்சிருக்கோம்லா."

பாலன் அண்ணாந்து பார்த்து இருமினார். "தகட்ட எடுத்தா வெளக்கு நிக்காது, வள்ளி."

"அணைஞ்சா திரும்ப ஏத்திக்கலாம். ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

அவர் தம்பியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவரே போய் ஆ லெங்கை ஏணியோடு கூட்டிவந்தார். ஆ லெங் மேலே ஏற, பாலன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். தகடு கழன்றதுதான் தாமதம், முன்வாசல் காற்று வீட்டுக்குள் ஓடிவந்தது. காலண்டர் படபடத்தது. விளக்கு அணைந்தது.

புஷ்பவல்லி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பாலன் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாக மூச்சை இழுத்து விட்டார். இருமல் வருமென்று காத்திருந்தார், வரவில்லை.

"வாணிக்குப் போன் போடு," என்றார். "சொவரு காயுற வரைக்கும் லோரி வேணாம்னு சொல்லு. அந்த நெருப்புப் பெட்டிய இப்படிக் குடு."