சின்னவர் பங்குக்குப் போன வெற்றிடம்

ஆவுடையம்மாளின் மாமனார் விட்டுப்போன பிரபஞ்சத்தை மகன்கள் இரண்டு பங்காக்கினார்கள். ஒரு பங்கில் பெரிய சுவர். மறு பங்கில் பெரிய வெற்றிடம்.

சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. விண்மீன் மண்டலங்கள் கோடிக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கிற சுவர். நீளம் ஆயிரம் கோடி ஒளியாண்டு. இந்த முனையில் விளக்கேற்றினால் அந்த முனையில் இருப்பவருக்குத் தெரிய ஆயிரம் கோடி வருஷம் ஆகும். வெற்றிடம் குறுக்கே முப்பத்துமூன்று கோடி ஒளியாண்டு. அதில் ஒன்றும் கிடையாது. பத்திரத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் கை நீளக்கூடாது என்பதற்காக அப்படி. மூத்தவர் பிறவிப்பெருமாள் மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தார். பிரிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பொருளெல்லாம் ஒரு பக்கம் கிடந்தது, இடமெல்லாம் இன்னொரு பக்கம் கிடந்தது. நாலாவது நாள் இளையவர் குத்தாலிங்கம் தன் பெண்டாட்டி சங்கரவடிவைப் பார்த்தார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வெற்றிடத்தைக் கைகாட்டினாள்.

பிறவிப்பெருமாளின் பெண்டாட்டி ஆவுடையம்மாளுக்கு அன்றைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுப்பங்கரைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்படியும் ஒரு மண்டு உண்டா உலகத்தில்!

சிரிப்பு மூன்று வாரம் இருந்தது. நாலாவது வாரம் பருப்பு கடைந்துகொண்டிருக்கும்போது ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது. எடுக்கிற உரிமை அந்தச் சங்கரவடிவுக்குத்தானே இருந்தது? இரண்டும் கண்ணெதிரே இருக்க, சும்மாவா ஒருத்தி அதை எடுப்பாள்? என்னவோ இருக்கிறது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லை. நமக்கு வந்தது அவள் கழித்துப்போட்ட மிச்சம்.

அன்றிலிருந்து ஆவுடைக்குச் சோறு இறங்கவில்லை.

சுவர் வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது. காலையில் வாசல் தெளிக்கப் போனால் ஏழெட்டு மண்டலங்கள் வந்து கிடக்கும். எல்லாம் வெற்றிடத்துப் பக்கமிருந்து உருண்டு வந்தவை. அங்கே எதுவும் தங்காது, மெல்ல நழுவிச் சுவருக்கு வந்து சேரும், அதன் குணம் அப்படி. முதலில் வரவுதானே என்று ஆவுடை அள்ளி உள்ளே வைத்தாள். பிறகு அவள் வீட்டுக் குப்பையை நாம் ஏன் கூட்ட வேண்டும் என்று பட்டது. குப்பை போகப் போக அங்கே இடம் பெருகிக்கொண்டே போனது. நேற்று இருந்ததைவிட இன்று சங்கரவடிவின் வீடு பெரிது. போகிறவர் வருகிறவரெல்லாம் சுவரைப் பார்த்துக் கண் கூசுகிறது என்றார்கள். வெற்றிடத்தைப் பார்த்து, அடேயப்பா எவ்வளவு தாராளம் என்றார்கள்.

ஒரு நாள் ஆவுடை புருஷனை வேவு பார்க்க அனுப்பினாள். பிறவிப்பெருமாள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தார்.

“என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா?”

“நல்லா ஒண்ணுமில்ல” என்றார்.

சொல்லும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முகத்தை ஆவுடை பார்த்ததில்லை. தன்னால் வராத முகம், அவள் வீட்டில் அரை நாள் உட்கார்ந்ததும் வந்துவிட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அனுப்பாமலே பிறவிப்பெருமாள் கிளம்பினார். அதற்கு மறுநாளும் கிளம்பினார்.

ஆவுடை தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பங்கைத் திரும்பப் பிரிக்க வேண்டும் என்று மனு கொடுத்தாள். சர்வேயர் எபனேசர் சங்கிலியோடு வந்து ஒரு கோடி ஒளியாண்டு வரை அளந்துவிட்டு மோர் வாங்கிக் குடித்தார். திரும்பப் பிரிக்க வழியில்லை என்றார். ஆனால் அனுபவ பாத்தியம் என்று ஒன்று இருக்கிறதாம். வெற்றிடத்தில் ஓர் ஆள் பன்னிரண்டு வருஷம் விடாமல் குடியிருந்தால் அது அந்த ஆளுக்கே சொந்தமாம். நடுவில் எழுந்து வரக் கூடாதாம். பன்னிரண்டாம் வருஷம் தான் வந்து பார்க்கும்போது ஆள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம்.

ஆவுடைக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று பிறவிப்பெருமாள் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். பன்னிரண்டு வருஷம் போய் உட்கார வேண்டும், முடியுமா என்று கேட்டாள். கொஞ்சம் மாட்டேன் என்பார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்து அதற்குத் தயாராக இருந்தாள்.

“சரி” என்றார் அவர்.

கேட்டு முடிக்கும் முன்பே சொன்னார். அது ஆவுடையின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் இரண்டு வேட்டியும் ஒரு சொம்பும் எடுத்துக் கொடுத்தாள். அவர் நாற்காலியோடு போய் வெற்றிடத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தார். அண்ணனுக்கு இல்லாத இடமா என்று குத்தாலிங்கம் சொன்னாராம். அவர்கள் அவ்வளவு பெருந்தன்மையாக இருந்ததும் ஆவுடைக்குப் பிடிக்கவில்லை.

வெற்றிடம் வளர்ந்துகொண்டே இருந்தது. முதல் வருஷம் பிறவிப்பெருமாள் நாற்காலி அளவு தெரிந்தார். இரண்டாம் வருஷம் சொம்பளவு. நாலாம் வருஷம் கடுகளவு. ஆவுடை சுவரோரம் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். கடுகு அசையாமல் இருக்கும். பார்த்து முடித்ததும் பக்கத்து வாசலில் சங்கரவடிவு நின்று பார்க்கிறாளா என்றும் பார்த்துக்கொள்வாள்.

ஏழாம் வருஷம் ஆவுடைக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

“உண்மையச் சொல்லு வடிவு. இதுல என்ன இருக்குன்னு நீ இத எடுத்த?”

சங்கரவடிவு துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் காய்ந்த துணி மடிக்கக் கை நீட்டின பக்கமெல்லாம் இடம் இருந்தது.

“ஒண்ணும் இல்லக்கா. உங்களுக்குச் செவரு மேல ஆசைன்னு மூஞ்சியில எழுதியிருந்துது. அதான் நாங்க இத எடுத்துக்கிட்டோம்.”

ஆவுடை அதை நம்பவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்து நம்பினாள். நம்பின பிறகு இன்னும் மோசமாகப் போனது. இதுவரை அவளுடைய இடத்தைப் பார்த்துத்தான் பொறாமை. இனி அவளுடைய மனசைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

மறுநாள் சுவரோரம் போய், போதும், பாத்தியமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், எழுந்து வாங்க என்று தொண்டை கிழியக் கத்தினாள். கடுகு எழுந்தது. நாற்காலியை மடக்கியது. இவள் பக்கமாக நடக்கத் தொடங்கியது. ஆவுடை உள்ளே ஓடி உலை வைத்தாள்.

உலை கொதித்தது. சோறு வெந்தது. பிறவிப்பெருமாள் வரவில்லை. மறுநாளும் நடந்தார். மறுவருஷமும் நடந்தார். நடக்க நடக்கச் சிறுத்தார். எபனேசரைக் கூப்பிட்டு என்ன அநியாயம் இது என்று கேட்டாள். அவர் சங்கிலியை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

“அவர் வந்துக்கிட்டுத்தாம்மா இருக்காரு. அவர் வார வேகத்த விட எடம் வளருத வேகம் கூட.”

“அப்ப எப்ப வந்து சேருவாவ?”

“வந்துக்கிட்டு இருப்பாரு” என்றார் எபனேசர்.

பன்னிரண்டாம் வருஷம் எபனேசர் ஆளைப் பார்க்க வந்தார். சுவரோரம் நின்று நாலு பக்கமும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். ஆள் யாரும் இல்லை என்று எழுதி, ஆவுடையைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஆவுடை நோட்டை வாங்கவில்லை. கண்ணைச் சுருக்கி வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஆயிரம் கோடி ஒளியாண்டுச் சுவர் பளீரென்று எரிந்தது. அந்த வெளிச்சத்திலேயே கிடந்த கண்ணுக்கு எதிரே இருட்டுத்தான் தெரிந்தது.

சங்கரவடிவு பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை வருஷம் வெற்றிடத்தைப் பார்த்துப் பழகின கண் அவளுக்கு.

“அத்தான் இருக்காவளே. எனக்குத் தெரியுதே” என்றாள்.

ஆவுடை அவள் கையைப் பிடித்தாள். “என்ன செய்யுதாவ?”

“வாராவ.”

“வேகமா வாராவளா?”

சங்கரவடிவு கண்ணைத் திருப்பி வெற்றிடத்தைப் பார்த்தாள். பிறகு ஆவுடையின் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமாக்கா. ஓடியே வாராவ.”

பிறவிப்பெருமாள் பிறந்ததிலிருந்து பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினவர் இல்லை. ஆவுடைக்கு அது தெரியும். ஓடினால் என்ன, உட்கார்ந்திருந்தால் என்ன, வடிவின் கண்ணுக்குத்தானே தெரிகிறார் என்று வயிறு எரிந்தது. பிடித்த கையை விடாமல், தான் கொடுத்த இரண்டில் இப்போது எந்த வேட்டி கட்டியிருக்கிறார் என்று கேட்டாள்.