திருப்பி அராவிய ரம்பம்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழைய இங்கிலீஷ் கைரம்பத்தை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். யார் குடியையும் கெடுக்கும் எண்ணம் எனக்கில்லை. முதல் வரி இப்படி இருந்தது:

‘நல்ல ரம்பத்தின் முதுகில், நுனிக்குச் சற்று முன்னால், ஒரு சின்ன மேடு இருக்கும், அது எதற்கென்று செய்தவனுக்கே...’

(விட்டுவிட்டேன். கட்டுரையில் ஆள் இல்லை. ஓர் ஆளைக் கொண்டுவந்தேன், வினையும் கூடவே வந்தது.)

2.
ஆள், நூர் முகம்மது. 1928, பினாங்கு சூலியா தெருவில் பழைய சாமான் கடை. இங்கிலீஷ் ரம்பம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அன்று காலை சின்னையா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். மரவேலைக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.

நூர் முகம்மது தகட்டைச் சுண்டினார். கணீரென்றது. முதுகில் அந்த மேடு இருந்தது. பிடியில் கிரீடம் பொறித்த பித்தளைக் குமிழ்.

“பாகுஸ் லா தம்பி, ரொம்ப நல்லாருக்கு! ராணி காலத்துச் சாமான். எங்க கெடச்சிச்சு?”

“அக்கரையில, பட்டர்வொர்த்துல ஒரு வெள்ளக்காரன் போட்டுட்டுப் போனது, பாய்.”

பிடியில் ஆசாரிகள் பெயர் வெட்டும் இடம் மட்டும் புதிதாகச் சுரண்டியிருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அவர் பல்லின்மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

ஓட்டிய விரலைத் திருப்பி இன்னொரு முறை ஓட்டினார்.

3.
கதையை நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரன் ரம்பத்தைத் தள்ளி அறுப்பான். பல், ரம்பத்தின் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இதன் பல் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. பக்கிரிசாமி ஆசாரி தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் மிதித்து, இழுத்தே அறுக்கிறவர். இதே கடையில் இதே மாதிரி ஒரு ரம்பத்தை வாங்கி, இதே வாசலில் வைத்து எல்லாப் பல்லையும் அரத்தால் திருப்பி அராவினார். “நல்ல சாமானக் கெடுத்துட்டியேய்யா!” என்று நூர் முகம்மது தலையில் அடித்துக்கொண்டார். ஊரில் வேறு யாரும் அந்தக் காரியத்தைச் செய்ததில்லை.

தைப்பூசம் முடிந்த கையோடு, பெண்டாட்டி நல்லம்மாளை விட்டுவிட்டுப் பக்கிரிசாமி நாகப்பட்டினம் கப்பல் ஏறிவிட்டதாகத்தான் ஊரே நம்புகிறது. ‘சாமான் பெட்டியோடு நான்தான் ஏற்றிவிட்டேன்’ என்று சொன்னவன் நல்லம்மாளின் அண்ணன். அந்த அண்ணன்தான் சின்னையா.

4.
(நான் பதறிப்போனேன். சின்னையாவை நான் அப்படி நினைத்து எழுதவில்லை. மச்சான் பக்கிரிசாமியே செலவுக்கு விற்றுவிட்டுப் போனதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அப்படியானால் பெயரை ஏன் சுரண்ட வேண்டும்? வெள்ளைக்காரன் கதை எதற்கு? அந்த முடிவை அடித்துவிட்டேன். இன்னொன்றில் நூர் முகம்மது பேசாமல் அதை வாங்கி உள்ளே வைத்து... அவர் சம்மதிக்கவில்லை.)

5.
தெருவில் இடியப்பம் விற்றுவந்த நல்லம்மாளை அவர் உள்ளே கூப்பிட்டார். காசுக்காகக் காத்து நின்ற சின்னையாவின் எதிரிலேயே ரம்பத்தை அவள் கையில் கொடுத்தார்.

அவள் பல்லைத் தடவினாள். கூடையை இறக்கி வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். கிடந்த பலகைத் துண்டைக் காலால் மிதித்து, ரம்பத்தை ஓர் இழுப்பு இழுத்தாள். மரத்தூள் கொட்டியது.

“அண்ணே, பெட்டியோட ஏத்திவுட்டேன்னு தண்ணிமல முருகன் மேல சத்தியம் பண்ணுனியே. ரம்பம் இங்க இருக்கு. அவரு எங்க?”

சின்னையா என்ன சொன்னான் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. இவ்வளவு நேரம் படித்ததில் நீங்களும் கடைக்கு வந்துவிட்டீர்கள். கடைக்கு ஒரே வழியான வாசலில் நிற்பது நீங்கள்தான். அவன் உங்கள் பக்கமாகத்தான் வருகிறான்.